புல்டோசருக்கு விழுந்த அடி

“…அடிக்கணும்னா என்னை அடிங்க டாக்டரம்மா. வாயில்லாத ஜீவனை எதுக்கு அடிக்கிறீங்க? முட்டுறது அதுக்குப் பொறவியில வந்த புத்தி. திருத்தி வளக்கலைன்னா அது என் தப்பு.”

பத்மா இதைச் சொன்னபோது மைக் என் கையில் இருந்தது. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் அது என் மைக்கில் விழுந்து, கம்பத்தில் கட்டியிருந்த குழாய்களுக்குள் புகுந்து, பொத்தேரி முழுக்கக் கேட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் போன பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கயிறு கட்டிய வட்டத்துக்குள் டாக்டர் சுகந்தி நின்றிருந்தார். பத்மாவின் செம்மறிக் குட்டியின் பின்தொடையில் பட்டென்று ஓர் அடி வைத்த அவருடைய உள்ளங்கை இன்னும் அங்கேயே இருந்தது. குட்டி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது பத்மாவின் முழங்காலுக்கு நெற்றியைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தது.

அந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அடித்த டாக்டருக்கு; அடிப்பதற்குச் சற்று முன் அவர் என் காதோடு சொன்னதால் எனக்கு.

அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் பேச்சு தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போக டிக்கெட் எடுத்துவிட்டு, பீச் ஸ்டேஷன் வரை போய்த்தான் திரும்பும் என்பது என் மனைவியின் கணிப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பிவிடும்.

முகம் பார்த்து வாங்குகிறவர்கள்

கிழக்குத் தாம்பரத்தில் நான் மைக் செட் கடை வைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், காதுகுத்து எதுவானாலும் குழாய் கட்டுவேன். பேச ஆள் வரவில்லை என்றால் நானே பேசிவிடுவேன். அப்படித்தான் எங்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம் என் தலையில் விழுந்தது.

வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறுப்பின் பண்டிகை அன்று ஆளாளுக்கு விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். தாம்பரத்தில் என்ன விளையும்? பூசணிக்காய், முருங்கைக்காய், கேக், முட்டை, அப்புறம் ஊர்ப்பக்கம் சொந்தம் உள்ளவர்கள் கொண்டுவரும் கோழியும் ஆடும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம்.

ஆடு ஏலத்துக்கு வந்தால் எல்லாரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “கண்ணு எவ்ளோ அழகா இருக்கு பாருங்க” என்று ஒரு டீச்சர் கேட்டு வாங்குவார். வீட்டுக்குப் போனதும் அந்தக் கண்ணே வினையாகிவிடும். அறுக்க மனசு வராது. அடுத்த வருஷம் அதே ஆடு, ஒரு சுற்றுப் பெருத்து, கழுத்தில் ரிப்பனுடன் திரும்பக் காணிக்கையாக வரும். இன்னொரு டீச்சர் எடுப்பார். இப்படிக் கோயிலுக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் நடந்தே கிழமான கிடா ஒன்றை எனக்குத் தெரியும். என்னை ரோட்டில் பார்த்தால் ஏலம் என்று நினைத்து நின்றுவிடும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கறிக்கடை காதர் பாய் இதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார். “கண்ணால வாங்குனவன் எலும்பு தின்னான், கையால வாங்குனவன் கறி தின்னான்.”

நல்ல வசனம் காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்று படித்ததுதான் மிச்சமெல்லாம்.

சந்தைக்குப் போய்த் திரும்பிய குட்டி

அந்தச் சந்தையில்தான் பத்மா எனக்குப் பழக்கம். வண்டலூரைத் தாண்டி மண்ணிவாக்கத்துக்காரி. கணவர் துபாயில் டிரைவர். வீட்டில் அவளும் கொழுந்தன் ஏழுமலையும் சேர்ந்து ஒரு மந்தை செம்மறி வைத்திருந்தார்கள். மேய்ப்பது, குட்டி பார்ப்பது எல்லாம் பத்மா. விற்பது, விலை பேசுவது ஏழுமலை.

நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் சிவப்பு ஆடுகள் அவை. உடம்பெல்லாம் செம்மண் நிறம். உயரம் குறைவு. கம்பளி கிடையாது, நாயைப் போலக் குட்டை மயிர்தான். வெயிலுக்கு அஞ்சாது, முள்ளுக்கு அஞ்சாது, வேலி ஓரத்தில் நாலு பச்சை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அந்த மந்தையில் ஒரு குட்டி. தாய்க்குப் பால் வற்றிவிட்டதால் பத்மா அதைப் புட்டிப்பாலில் வளர்த்தாள். தாய் மடியை முட்ட வழியில்லாததால் அது அவள் முழங்காலை முட்டிப் பால் குடித்துப் பழகியது. பால் குடி மறந்த பிறகும் முட்டு மறக்கவில்லை. முழங்கால் எங்கே தெரிந்தாலும் நெற்றியைக் கொடுத்து, பின்னங்கால்களை ஊன்றி, தள்ளும். ஆள் நகர்ந்தால் மேலும் தள்ளும்.

“வூட்டுக்கு வெளியில பிளாட்டு போடுறவன் புல்டோசர் வுட்டுகினு கீறான், வூட்டுக்குள்ள அண்ணி ஒண்ணு வுட்டுகினு கீது” என்றான் ஏழுமலை. குட்டிக்கு அதே பெயராகிவிட்டது. புல்டோசர்.

முட்டுகிற குட்டியைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். அடக்கமில்லாத ஆடு வீட்டில் பானையை உடைக்கும், பிள்ளையைத் தள்ளும் என்று ஒரு பயம். அதனால் புல்டோசர் வெள்ளிக்கிழமைதோறும் வண்டியேறிப் பல்லாவரம் போகும், சந்தையைச் சுற்றிப் பார்க்கும், யாராவது ஒருவரின் முழங்காலைப் பதம் பார்க்கும், சாயங்காலம் வீடு திரும்பும்.

“காலேஜுக்குப் போற புள்ள மாதிரி போய்ட்டு போய்ட்டு வருது, ஒரு பிரயோஜனமும் இல்ல” என்பாள் பத்மா. ஆனால் அதன் முதுகைத் தடவிக்கொண்டேதான் அதைச் சொல்வாள்.

ஏழுமலை கொடுத்த வாக்கு

கைபேசி புதிதாக வந்து, பஸ்ஸில் எல்லாரும் அதில் பாம்பை வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரோட்டின் இரண்டு பக்கமும் கல் நட்டுக்கொண்டே போனார்கள். நேற்று மேய்ந்த இடத்தில் இன்று வளைவு கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் எழுதியிருக்கும்.

ஏழுமலை தப்பான ஆள் இல்லை. கணக்காக யோசிக்கிறவன். “ஊரே பிளாட்டாயிடுச்சு. இந்தக் குள்ள ஆட்டை வச்சிகினு இன்னா பண்றது? மொத்தமா தள்ளிட்டு, ஆந்திரா பக்கத்து உசந்த ஜாதியில நாலு வாங்கிக் கொட்டில்ல கட்டுவோம்” என்றான். துபாயிலிருந்து போனில் அண்ணனும் “தம்பி சொல்றபடி செய்” என்று சொல்லிவிட்டார்.

பத்மாவுக்கு அந்த ஆடுகள் ஒவ்வொன்றின் இருமலும் தெரியும். ராத்திரி இருமினால் எது என்று படுக்கையிலிருந்தே சொல்வாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஏற்றிக்கொண்டு போக நாளும் குறித்தாயிற்று.

அப்போதுதான் பொத்தேரியில் கால்நடைக் கண்காட்சி என்று எனக்கு மைக் செட் ஆர்டர் வந்தது. பசு, காளை, நாய் எல்லாவற்றுக்கும் போட்டி. புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: கறிக்கு வளர்க்கும் செம்மறிக் குட்டிகள். அழகுக்குப் பரிசு இல்லை. கறிப்பிடிப்புக்கும் உடற்கட்டுக்கும்தான் பரிசு.

பத்மா என் கடைக்கு ஏழுமலையோடு வந்திருந்தபோது நான் இதைச் சொன்னேன். அவள் உடனே கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

“நம்ம குட்டியில ஒண்ணு முதலா வந்தா?”

“வந்தா?”

“மந்தையை விக்கக் கூடாது.”

ஏழுமலை சிரித்தான். “எதை இட்டுகினு போவ? புல்டோசரையா? அது ஜட்ஜை முட்டும், நம்மள வேனில் ஏத்தி வூட்டுக்கு அனுப்புவாங்க.”

“பதில் சொல்லு. விப்பியா, மாட்டியா?”

“முதலா வந்தா விக்க மாட்டேன். எபி அண்ணன் சாட்சி. முதல்னா முதல். ரெண்டாவது, மூணாவதுக்கெல்லாம் பேச்சில்ல.”

எபி அண்ணன் என்றது என்னைத்தான். கல்யாணச் சாட்சிக் கையெழுத்துப் போட்டபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

வியாபாரியின் டெம்போ வரக் குறித்த நாளும் கண்காட்சி நாளும் ஒன்றாகவே அமைந்தது. அவர் வேறு ஆடுகளையும் பார்க்கப் பொத்தேரிக்கே வந்துவிட்டார். மைதான வேலியை ஒட்டி வண்டியை நிறுத்தி, பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு, முன் இருக்கையில் சாய்ந்துகொண்டார். போட்டி முடிந்ததும் நேரே மண்ணிவாக்கம் போய் மந்தையை ஏற்றுவதாக ஏற்பாடு. வட்டத்துக்குள் நின்றால் அந்தத் திறந்த கதவு தெரியும். பத்மா அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் செய்த உபகாரம்

சந்தை ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்கப் போகும் நாளில் விடிகாலையிலேயே ஆட்டுக்கு உப்புப் போட்ட தவிட்டைக் காட்டி, தாகமெடுத்ததும் வயிறு முட்டத் தண்ணீர் வைப்பார்கள். வயிறு மத்தளம்போல ஆகும். வாங்குகிறவன் தூக்கிப் பார்த்தால் கனக்கும்.

கண்காட்சிக்கு வந்த அத்தனை பேரும் அதையே செய்திருந்தார்கள். பத்மாவும்தான். “ஊரோட ஒத்து வாழணும்ல அண்ணா” என்றாள்.

ஆனால் காலையில் வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. குரோம்பேட்டை டிராபிக்கில் மாட்டிக்கொண்டார் என்றார்கள், பல்லாவரத்தில் இறங்கி டிபன் சாப்பிடுகிறார் என்றார்கள். வெயில் ஏறியது. நான் மைக்கில் சொல்லக்கூடிய கதை எல்லாம் தீர்ந்து, மாமியார் கதை வரை வந்துவிட்டேன். ஆடுகள் என்ன செய்யும்? குடித்ததை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தன. அந்த வாசனையில் வேடிக்கை பார்க்க வந்த காலேஜ் பையன்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

விருந்தினர் வந்து விளக்கேற்றியபோது எந்த ஆட்டுக்கும் பொய் வயிறு இல்லை. டீ கொண்டுவந்த பாண்டியன் சொன்னான்: “சார், பெரிய மனுஷன் லேட்டா வந்தா சின்ன பொய்யெல்லாம் தானா வெளிய போயிடும்.”

இதை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

காற்றில் தொங்கும் கறி

டாக்டர் சுகந்தி கால்நடை மருத்துவர், அன்றைய செம்மறிப் போட்டிக்கு ஜட்ஜ். கண்ணாடி, காட்டன் புடவை, காலில் ரப்பர் பூட்ஸ். என்னிடம் வந்து, “நான் சொல்றதை நீங்க ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் கலந்துதான் வரும்” என்றார்.

“நீங்க மாவை ஊத்துங்க டாக்டர், நான் தோசையா திருப்பிடறேன்” என்றேன்.

வட்டத்துக்குள் குட்டிகள் வரிசையாக நின்றன. எல்லார் கண்ணும் பெருங்களத்தூர் சேகரின் குட்டிமேல்தான். ஆந்திரா ஜாதி. வெள்ளை நிறம், நெட்டைக் கால், கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். பெயர் கமிஷனர். பக்கத்தில் நின்ற புல்டோசர் அதன் டிரைவர் மாதிரி இருந்தது.

டாக்டர் முதல் ஆளிடம் போனார். ஆள் என்ன செய்தான் தெரியுமா? அவர் கையை நீட்டியதும் குட்டியை அப்படியே அள்ளி மார்புக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். சந்தையில் வாங்குகிறவன் பக்கத்தில் வந்தால் அதுதானே வழக்கம். எடையைப் பார் என்று தூக்கித் தருவார்கள்.

“கீழ விடுங்க” என்றார் டாக்டர்.

அடுத்தவனும் தூக்கினான். அதற்கடுத்தவனும் தூக்கினான். சேகர் கமிஷனரைத் தூக்க முயன்று, நெட்டைக் கால்கள் அவன் வேட்டியில் சிக்கி, இரண்டு பேரும் சேர்ந்து தள்ளாடினார்கள்.

டாக்டர் என்னிடம் மைக்கை வாங்கினார். “தயவுசெஞ்சு யாரும் தூக்காதீங்க. காத்துல தொங்குற கறி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஆடு நாலு கால்ல நிக்கணும். ஊனி நிக்கும்போதுதான் மசில் பேசும்.”

நான் திருப்பினேன். “ஐயா, சேலையூர் ஜிம்முக்குப் போற பையன் இருக்கான். சோபாவில படுத்திருக்கும்போது அவன் உடம்பு உங்களுக்கு எனக்கு மாதிரிதான். தண்டால் எடுக்கும்போது பாருங்க. டாக்டர் அந்தத் தண்டாலைத்தான் கேக்கறாங்க.”

பிறகு அவர் எங்கெங்கே பார்க்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் குழாய் வழியே ஊருக்குச் சொன்னேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகில் கையை அகல விரித்து வைப்பார். அங்கே அகலமும் நீளமும் இருந்தால் அதுதான் முதல்தரக் கறி. பின்னால் வந்து தொடையை இரண்டு கையாலும் பிடிப்பார். உட்புறம்வரை நிறைந்திருக்க வேண்டும். விலாவை விரல் நுனியால் தடவுவார்.

“அது எதுக்கு டாக்டர்?”

“கொழுப்பு எவ்வளவுன்னு. எலும்பு கைக்குத் தட்டணும், ஆனா குத்தக் கூடாது.”

“கயித்துக் கட்டில் மேல ஜமுக்காளம் விரிச்சா மாதிரி இருக்கணுமாம்” என்றேன் மைக்கில். “வெறுங்கட்டிலும் ஆகாது, மேல மெத்தை போட்டாலும் ஆகாது.”

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். “இதை நான் கிளாஸ்ல சொல்லிக்கலாமா?”

அன்று எனக்கு அதைவிடப் பெரிய சன்மானம் யாரும் தரவில்லை.

விடுங்க, முட்டட்டும்

பத்மாவின் முறை வந்தது.

டாக்டர் கிட்ட வரவர, புல்டோசர் வேலையை ஆரம்பித்துவிட்டது. நெற்றியை அவள் முழங்காலில் வைத்து, பின்னங்கால்களை மண்ணில் ஊன்றி, தள்ளியது. பத்மாவுக்கு மானம் போனது. தலையைப் பிடித்துத் தள்ளினாள். அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் பலமாகத் தள்ளியது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஏழுமலையின் சிரிப்பு கேட்டது.

“நில்லு சனியனே. மன்னிச்சுக்கோங்கம்மா, இது புட்டிப்பால் குடிச்சு வளந்தது, மருவாதி தெரியாது. கொஞ்சம் இருங்க, தூரமா புடிச்சுக்கிறேன்.”

“விடுங்க, முட்டட்டும்” என்றார் டாக்டர்.

“இன்னாம்மா?”

“முட்டட்டும். நீங்க காலை மட்டும் நகர்த்தாதீங்க.”

டாக்டர் குனிந்து முதுகில் கையை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கையை எடுக்கவில்லை. “இங்க தொடுங்க” என்று என் கையைப் பிடித்து வைத்தார். நான் எத்தனையோ ஆடுகளை ஏலம் விட்டவன். அப்படி ஒரு முதுகைத் தொட்டதில்லை. நடுவில் மேடில்லை, இரண்டு பக்கமும் சரிவில்லை. பிடித்த மாவுபோல இறுகிக் கிடந்தது.

“வெளிநாட்டில ஷோவுக்கு ஆட்டைத் தயார் பண்றவங்க, முழங்காலை முட்டி நிக்கறதுக்கு மாசக்கணக்கா பழக்குவாங்க” என்றார் டாக்டர். “முட்டும்போது முதுகும் தொடையும் இறுகும். எவ்வளவு கறின்னு கைக்கு அப்பதான் தெரியும். உங்களுக்கு யாரும்மா கத்துக்குடுத்தா?”

“யாரும் கத்துக்குடுக்கலம்மா. நான் வுட்டுடச் சொல்லித்தான் தெனம் கத்திகினு கீறேன்.”

நான் இதை மைக்கில் சொன்னதும் வட்டத்துக்குள் ஒரு கூத்து நடந்தது. ஆளாளுக்கு முழங்காலை நீட்டி, தங்கள் குட்டியின் தலையை அதில் வைத்து அழுத்தினார்கள். சேகர் கமிஷனருக்கு முன்னால் மண்டியிட்டே விட்டான். கமிஷனர் பின்வாங்கி, மாலையைத் தின்ன ஆரம்பித்தார்.

ஆனால் டாக்டர் ஏமாறுகிற ஆள் இல்லை. “முட்டும்போது எல்லா ஆடும் பயில்வான்தான். நடந்தாத்தான் கட்டு தெரியும்” என்றார். எல்லாக் குட்டிகளையும் நடத்தச் சொன்னார். பத்மாவின் முகம் இருண்டது. புல்டோசருக்கு முட்டத் தெரியும். கயிற்றில் ஒழுங்காக நடந்து பழக்கமே இல்லை.

கமிஷனர் நடந்தபோது கைதட்டல். ஆனால் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பின்னங்கால் இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றோடொன்று உரசின. குளம்புக்கு மேலே கணு தளர்ந்து, நடக்கும்போது தரையை நோக்கி இறங்கியது. உயரமான வீடு, அஸ்திவாரம் கொஞ்சம் பலவீனம்.

புல்டோசர் நகர மறுத்தது. பத்மா இழுத்தாள். அது அவள் முழங்காலைத் தேடியது. கூட்டம் சிரித்தது. அவள் ஒரு கணம் அந்தத் திறந்த டெம்போ கதவைப் பார்த்தாள். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, குட்டிக்கு முதுகைக் காட்டிவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

முழங்கால் தன்னைவிட்டுப் போகிறதென்று தெரிந்ததும் குட்டி கிளம்பியது பாருங்கள். நாலு காலும் கட்டில் கால்போல நாலு மூலைக்கு. முன்கால் பதிந்த தடத்தில் பின்கால் வந்து பதிகிறது. முதுகு ஆடவில்லை. மேலே ஒரு டம்ளர் டீயை வைத்தாலும் சிந்தாது. வட்டத்தை முழுசாகச் சுற்றி, பத்மா நின்ற இடத்தில் நின்று, மறுபடி முழங்காலில் நெற்றியை வைத்தது.

யாரும் சிரிக்கவில்லை.

அந்த அடி

கடைசியில் இரண்டு குட்டிகளைத்தான் நடுவே நிறுத்தினார் டாக்டர். கமிஷனர் ஒரு பக்கம், புல்டோசர் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே போனார், வந்தார். மறுபடி கை வைத்துப் பார்த்தார். சேகர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். நான் மைக்கைப் பிடித்திருந்த கையை மாற்றினேன்.

என்னைத் தாண்டிப் போகும்போது அவர் மெதுவாகச் சொன்னார். “முதல் வந்த ஆட்டை ஜட்ஜ் தட்டிக் காட்டுவாங்க. அதுதான் ரிசல்ட். பார்த்துக்கிட்டு அனௌன்ஸ் பண்ணுங்க.”

நேரே கமிஷனரை நோக்கிப் போனார். சேகர் சிரிக்கத் தொடங்கிவிட்டான். கமிஷனரைத் தாண்டி, ஓர் அரைவட்டம் அடித்து, புல்டோசரின் பின்தொடையில் பட்டென்று வைத்தார்.

அப்போதுதான் பத்மா அப்படிக் கேட்டாள். அடிக்கணும்னா என்னை அடிங்க என்று. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஏழுமலை சொன்னபடியே ஜட்ஜையும் முட்டிவிட்டது போலிருக்கிறது, போட்டியிலிருந்து விரட்டுகிறார்கள், மந்தை போயிற்று என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

டாக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். கனைத்துக்கொண்டு சொன்னேன்.

“பத்மாம்மா, அது தண்டனை இல்ல. முதல் வந்த ஆட்டை அப்படித்தான் தட்டுவாங்களாம். கறிப்பிடிப்பு, உடற்கட்டு ரெண்டிலயும் முதல் இடம், மண்ணிவாக்கம் புல்டோசர்.”

கூட்டத்தின் சத்தத்தில் என் குழாய்கள் எடுபடவில்லை. காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். சேகர் முகம் தொங்கினாலும் நல்ல பிள்ளை, தன் கமிஷனர் கழுத்தில் மிச்சமிருந்த பாதி மாலையைக் கழற்றிப் புல்டோசருக்குப் போட்டான். “அக்கா, இதுல பாதியைக் கமிஷனர் தின்னுடுச்சு, கோச்சுக்காதீங்க” என்றான்.

டாக்டர் மைக்கை வாங்கி இரண்டு வார்த்தை பேசினார். நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர் முள்ளுக்கும் பிறந்த ஆடு, குறைந்த தீனியில் கறியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறது, இந்த மந்தையிலிருந்து குட்டி வேண்டுமென்று இனி தேடி வருவார்கள் என்றார். இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்திருந்தது.

ஏழுமலை கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். அண்ணிக்கு முன்னால் நின்றான். பின்கழுத்தைச் சொறிந்தான்.

“இன்னா பாக்குற?” என்றாள் பத்மா.

“ஒண்ணுமில்ல. இதைப் போயி நாலஞ்சு சந்தைக்கு இட்டுகினு போய் வித்துடப் பாத்தேனே.”

“வாக்கு இன்னா ஆச்சு?”

“குடுத்தது குடுத்ததுதான். எபி அண்ணன் சாட்சி. அண்ணனுக்கு நானே போன் போட்டுச் சொல்றேன்.”

“போனு அப்புறம். இதைப் புடி.”

கயிற்றை அவன் கையில் திணித்தாள். புல்டோசர் புது முழங்காலைக் கண்டதும் உடனே வேலையைத் தொடங்கியது. ஏழுமலை பின்னால் சாய்ந்து, சமாளித்து, காலை ஊன்றி நின்றான்.

மேடையில் பரிசு கொடுக்க விருந்தினர் எழுந்துவிட்டார். நான் மைக்கில் பத்மாவின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். அவள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு, வேலியைத் தாண்டி, டெம்போ நின்ற இடத்துக்குப் போனாள். வியாபாரி முன் இருக்கையில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கீழே தொங்கிய பின்கதவை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, கொண்டியை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். பிறகு வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில், பஸ் கண்டக்டர் தட்டுகிற மாதிரி, பட் பட் என்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

“போலாம், ரைட்.”